என்.பி.ஏ அணிகளில் வெளிநாட்டு மாற்று மைய ஆட்டக்காரர்

கூடைப்பந்தில் கூடைக்கு மிக அருகில் நின்று ஆடுபவர் மைய ஆட்டக்காரர் எனப்படுகிறார். சென்டர் என்றும் வழங்கும் இந்த இடத்தில் பெரும்பாலும் அணியின் மிக உயரமான வீரரே ஆடுவார். அவர் இளைப்பாறும்போதும், காயமுறும்போதும், ஃபவுல்கள் சேர்ந்து வெளியேறும் நிலைக்கு வரும்போதும் களமிறங்குபவர் மாற்று மைய ஆட்டக்காரர். அமெரிக்காவின் என்.பி.ஏ போட்டியில் 30 அணிகள் ஆடுகின்றன. கோடை விடுமுறையில் அவற்றில் பல அணிகளின் முன் ஒரே கேள்வி வந்து நிற்கும்: இந்த மாற்று இடத்துக்கு ஐரோப்பாவிலோ வேறு நாட்டிலோ ஆடும் ஒருவரை அழைத்து வரலாமா, அல்லது உள்நாட்டில் கிடைக்கும் பழகிய வீரர் ஒருவரையே குறைந்த சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா?

மேலோட்டமாகப் பார்த்தால் இது அந்த வீரரின் திறமையைப் பற்றிய கேள்வியாகத் தெரியும். நடந்த சேர்க்கைகளைத் திரும்பிப் பார்த்தால் திறமை அதில் ஒரு பங்குதான் என்பது விளங்கும். அணியில் உண்மையிலேயே இடம் காலியாக இருந்ததா, அந்த இடத்துக்குத் தேவையான வேலை என்ன, ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்குப் போடப்பட்டது என்ற மூன்றுமே முடிவைப் பெரும்பாலும் தீர்மானித்துள்ளன.

மாற்று மைய ஆட்டக்காரரின் வேலை

என்.பி.ஏ ஆட்டம் 48 நிமிடங்கள் கொண்டது. முதன்மை மைய ஆட்டக்காரர் 32 நிமிடங்கள் ஆடினால் மீதமிருப்பது 16 நிமிடங்கள். ஒரு பருவத்தில் வழக்கமான ஆட்டங்கள் 82. ஆகவே ஒருவரும் காயமுறாத பருவத்தில்கூட மாற்று வீரருக்கு 1,300 நிமிடங்களுக்கு மேல் வேலை இருக்கிறது. முதன்மை வீரர் சில வாரங்கள் விலகினால் இந்தக் கணக்கு விரைவாக ஏறிவிடும்.

இந்த நிமிடங்களில் அவரிடம் எதிர்பார்க்கப்படுபவை சிலவே. எதிரணி கூடைக்குள் நுழைவதைத் தடுக்க வேண்டும். குறி தவறித் திரும்பும் பந்தைக் கைப்பற்ற வேண்டும். இதை ரீபவுண்டு என்பர். பந்து வைத்திருக்கும் தன் அணி வீரருக்குத் தடுப்பாக நின்று, பிறகு கூடையை நோக்கி ஓட வேண்டும். இது பிக் அண்ட் ரோல் எனப்படும். கூடவே, தேவையற்ற ஃபவுல்களைத் தவிர்க்க வேண்டும். இருபது புள்ளி எடுத்து வியக்க வைக்க வேண்டியதில்லை. முதன்மை வீரர் இருக்கையில் அமர்ந்திருக்கும்போது அணி சேர்த்து வைத்த முன்னிலை கரையாமல் பார்த்துக்கொண்டாலே அவர் தன் வேலையைச் செய்தவர் ஆவார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பருவத்தின் முடிவில் வரும் பிளேஆஃப் சுற்றுகளில் பயிற்சியாளர்கள் குறைவான வீரர்களையே நம்புவார்கள். முதன்மை வீரரின் நிமிடங்கள் கூடும். மாற்று வீரரின் நிமிடங்கள் சுருங்கும். சில நேரம் மைய ஆட்டக்காரர் என்ற இடமே காணாமல் போகும். 2015 இறுதித் தொடரின் நான்காவது ஆட்டத்தில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி ஏழடி உயர ஆன்ட்ரூ போகட்டைத் தொடக்க ஐவரிலிருந்து எடுத்துவிட்டு, அவரைவிடக் குட்டையான ஆன்ட்ரே இகுடாலாவைச் சேர்த்தது. அந்த அணி கோப்பையை வென்றது. இகுடாலா தொடரின் சிறந்த வீரரானார். அதன் பிறகு எந்த உயரமான வீரரைப் பற்றிப் பேசும்போதும், “பிளேஆஃபில் இவரை ஆட வைக்க முடியுமா?” என்ற கேள்வியும் சேர்ந்தே எழுந்தது.

சேர்க்கலாம் என்போர் வாதம்

முதல் வாதம் விலை. ஐரோப்பாவின் உயர்நிலைப் போட்டியான யூரோலீக்கில் சிறந்து விளங்கும் ஒருவரை என்.பி.ஏ-யின் குறைந்தபட்ச சம்பளத்துக்கு அருகிலான தொகைக்குக் கொண்டு வர முடிந்ததுண்டு. அதே அளவு தேர்ந்த உள்நாட்டு வீரருக்குப் பல மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும். சம்பள வரம்பையும் ஆடம்பர வரியையும் கணக்கிட்டே செலவழிக்கும் அணிகளுக்கு இது பெரிய சேமிப்பு.

இரண்டாவது, முதிர்ச்சி. டிராஃப்ட் எனப்படும் புதுமுகத் தேர்வில் கிடைக்கும் 19, 20 வயது இளைஞரை வளர்த்தெடுக்க ஆண்டுகள் ஆகும். ஐரோப்பாவில் ஆறேழு பருவங்கள் ஆடியவர் தடுப்பு உத்திகளையும், எப்போது எங்கே நிற்க வேண்டும் என்பதையும் ஏற்கெனவே அறிந்திருப்பார். பல ஆயிரம் ரசிகர்கள் கூச்சலிடும் அரங்கில் பெரியவர்களுக்கு எதிராக ஆடிப் பழகியவர் அவர்.

மூன்றாவது, முன் அனுபவம். சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி இதில் வழிகாட்டியாகக் கருதப்படுகிறது. அர்ஜென்டினாவின் ஃபாப்ரிசியோ ஒபெர்ட்டோ 2005இலும், பிரேசிலின் தியாகோ ஸ்பிளிட்டர் 2010இலும் அங்கு வந்தனர். ஆஸ்திரேலியாவின் ஆரன் பெயின்ஸ், 2013 ஜனவரியில் பருவத்தின் நடுவிலேயே சுலோவீனியாவின் யூனியன் ஒலிம்பியா அணியிலிருந்து அழைத்து வரப்பட்டார். ஒபெர்ட்டோ 2007 கோப்பையை வென்ற அணியிலும், ஸ்பிளிட்டரும் பெயின்ஸும் 2014 கோப்பையை வென்ற அணியிலும் இருந்தனர். மூவரும் டிம் டங்கன் என்ற பெரிய வீரரின் பக்கத்திலும் பின்னாலும் ஆடியவர்கள்.

வேண்டாம் என்போர் வாதம்

எதிர்வாதம் விதிகளிலிருந்து தொடங்குகிறது. உலகின் மற்ற நாடுகளில் ஃபிபா விதிகளின்படி ஆட்டம் 40 நிமிடங்கள். அங்கே தடுப்பு வீரர் கூடையின் முன்னால் எவ்வளவு நேரமும் நிற்கலாம். என்.பி.ஏ-யில் 2001-02 பருவம் முதல், எதிராளி ஒருவரை நெருங்கிக் காக்காமல் வண்ணப் பகுதிக்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்பது குற்றம். ஃபிபா விதியில், எறியப்பட்ட பந்து வளையத்தில் பட்டுவிட்டால் அதைத் தட்டிவிடலாம். என்.பி.ஏ-யில் வளையத்துக்கு நேர் மேலே இருக்கும் பந்தைத் தொடக் கூடாது. கூடைக்குக் கீழே தூணைப் போல நின்று பேர் வாங்கிய உயரமான தடுப்பாளருக்கு இந்த இரு விதிகளும் பெரிய இழப்பு.

தூரமும் வேறு. மூன்று புள்ளிக் கோடு ஃபிபா ஆடுகளத்தில் 6.75 மீட்டர், என்.பி.ஏ-யில் மூலைகள் தவிர 7.24 மீட்டர். எறிபவர்கள் அரை மீட்டர் தள்ளி நிற்கும்போது அவர்களுக்கும் கூடைக்கும் நடுவே காக்க வேண்டிய வெளி பெருகுகிறது. வேகமான எதிராளிகள் இந்த வெளியில் மெதுவாக நகரும் மைய ஆட்டக்காரரைத் தேடிப்பிடித்து, பிக் அண்ட் ரோல் ஆட்டத்துக்குள் மீண்டும் மீண்டும் இழுப்பார்கள்.

அடுத்தது இடம். ஓர் அணி முழு ஒப்பந்தத்தில் 15 பேரைத்தான் பருவம் முழுவதும் வைத்திருக்க முடியும். மைய ஆட்டக்காரர்கள் மூவர் என்றால் வேறெங்கோ ஒரு கை குறைகிறது. ஐரோப்பிய அணியோடு நடப்பு ஒப்பந்தம் உள்ளவரை அழைக்க விடுவிப்புத் தொகையும் கட்ட வேண்டும். அதில் ஒரு வரம்பு வரை மட்டுமே என்.பி.ஏ அணி தன் சம்பளக் கணக்கில் சேராமல் செலுத்தலாம். மிச்சத்தை வீரர் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டிவரும். பழைய அணியின் பிடி விட்டது என்பதற்கான அனுமதிக் கடிதமும் ஃபிபா வழியாக வந்து சேர வேண்டும்.

இறுதியாக, எண்கள் ஏமாற்றும். ஐரோப்பாவில் 15 புள்ளி எடுப்பவரைச் சுற்றியே அந்த அணியின் ஆட்டம் அமைக்கப்பட்டிருக்கும். என்.பி.ஏ-யில் ஒன்பதாவது ஆளாக வருபவருக்காக யாரும் ஆட்டத்தை அமைப்பதில்லை.

2015 கோடை: ஐந்து வீரர்கள்

இரு தரப்பு வாதங்களையும் உரசிப் பார்க்க 2015 கோடை நல்ல உரைகல். அந்த ஒரே கோடையில் ஐரோப்பிய அணிகளில் ஆடிக்கொண்டிருந்த மைய ஆட்டக்காரர்கள் ஐவர் ஐந்து என்.பி.ஏ அணிகளுக்கு வந்தனர். ஐவரும் ஏறத்தாழ ஏழடி அல்லது அதற்கும் மேல் உயரம் கொண்டவர்கள். ஐவருக்கும் ஐந்து விதமான முடிவு.

பொபான் மார்யானோவிச், செர்பியா. வயது 26. பெல்கிரேடின் ரெட் ஸ்டார் அணியில் ஆடி, 2014-15 யூரோலீக்கின் சிறந்த ஐவரில் ஒருவராகத் தேர்வானவர். சான் அன்டோனியோ அவரை ஓராண்டுக்கு 12 லட்சம் டாலருக்கு எடுத்தது. ஸ்பிளிட்டர் அட்லாண்டாவுக்கும் பெயின்ஸ் டெட்ராய்ட்டுக்கும் அதே கோடையில் போய்விட்டதால் அங்கே இடம் காலியாக இருந்தது. அவர் 54 ஆட்டங்களில் சராசரியாக 9.4 நிமிடங்கள் ஆடி 5.5 புள்ளிகள் எடுத்தார். நிமிடக் கணக்கில் பார்த்தால் இது மிக உயர்ந்த விகிதம். 36 நிமிடங்களுக்கு விரித்தால் 21 புள்ளிகளுக்கு மேல் வரும். ஆனால் அவரை 36 நிமிடங்கள் ஆட வைக்க எந்தப் பயிற்சியாளரும் துணியவில்லை. 2.2 மீட்டருக்கு மேல் உயர்ந்த அந்த உடலால் ஆடுகளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடி, வெளியே நிற்கும் எறியாளர்களையும் காப்பது எளிதன்று. எதிரணியின் மாற்று வீரர்களுக்கு எதிராக, தேர்ந்தெடுத்த சில நிமிடங்களில் அவர் மிகப் பயன்பட்டார்.

சலா மெஜ்ரி, துனீசியா. வயது 29. அந்த ஆண்டு யூரோலீக் கோப்பையை வென்ற ரியால் மாட்ரிட் அணியிலிருந்து டாலஸ் மேவரிக்ஸ் அணிக்கு வந்தார். டாலஸ் நிலை அப்போது இக்கட்டானது. முதன்மை வீரர் டைசன் சாண்ட்லர் ஃபீனிக்ஸுக்குப் போயிருந்தார். வருவதாக வாக்களித்த டிஆண்ட்ரே ஜோர்டன் கடைசி நேரத்தில் மனம் மாறிப் பழைய அணியான கிளிப்பர்ஸிலேயே தங்கிவிட்டார். எனவே நம்பகமான உயரமானவர் யாராக இருந்தாலும் அங்கே வேலை இருந்தது. தடுப்பது, குதிப்பது, ஓடுவது என்று தன்னிடம் கேட்டதை மட்டும் செய்து மெஜ்ரி நான்கு பருவங்கள் நிலைத்தார். என்.பி.ஏ-யில் ஆடிய முதல் துனீசியர் அவர்.

அதே ஆண்டு டிராஃப்டில் டாலஸ் 52ஆவது தேர்வாகப் பஞ்சாபைச் சேர்ந்த சத்னாம் சிங்கை எடுத்திருந்தது. அந்தத் தேர்வில் இடம்பெற்ற இந்தியாவில் பிறந்த முதல் வீரர் என்பதால் நம் நாட்டிலும் அது பெரிய செய்தியானது. அவரும் ஏழடிக்கு மேல் உயர்ந்த மைய ஆட்டக்காரர்தான். ஆனால் அவருக்கு அப்போது 19 வயது. தொழில்முறைப் போட்டி அனுபவம் இல்லை. அவர் டாலஸின் துணை அணியில் ஆடினார், என்.பி.ஏ ஆட்டம் ஒன்றிலும் களமிறங்கவில்லை. வளர்த்தெடுக்க வேண்டிய இளைஞருக்கும், நாளைக்கே ஆடக்கூடிய 29 வயதுக்காரருக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே அணியில் ஒரே கோடையில் காண முடிந்தது.

டிபோர் பிளைஸ், ஜெர்மனி. வயது 25. பார்சிலோனாவிலிருந்து யூட்டா ஜாஸ் அணிக்கு வந்தார். அவரது டிராஃப்ட் உரிமை 2010 முதல் கைமாறிக் கைமாறி இறுதியில் யூட்டாவிடம் இருந்தது. அங்கே ரூடி கோபேர், டெரிக் ஃபேவர்ஸ் என்ற இரு வலுவான உயரமானவர்கள் முன்னால் நின்றனர். பிளைஸ் அந்தப் பருவத்தில் 12 ஆட்டங்களில்தான் களமிறங்கினார்; துணை அணிக்கும் அனுப்பப்பட்டார். அடுத்த கோடையில் பிலடெல்பியாவுக்கு மாற்றப்பட்டு, அங்கிருந்தும் விடுவிக்கப்பட்டார். ஐரோப்பாவுக்குத் திரும்பியவர் துருக்கியின் அனடோலு எஃபெஸ் அணியோடு 2021, 2022 ஆகிய இரு ஆண்டுகளும் யூரோலீக் கோப்பையை வென்றார்.

எடி தவாரெஸ், கேப் வெர்டே. வயது 23. ஸ்பெயினின் கிரான் கனாரியா அணியிலிருந்து அட்லாண்டா ஹாக்ஸ் அணிக்கு வந்தார். 2014 டிராஃப்டில் 43ஆவது தேர்வு. அட்லாண்டாவில் ஆல் ஹார்ஃபோர்டு முதன்மை வீரர். அவருக்குப் பின்னால் ஸ்பிளிட்டரும் மைக் முஸ்காலாவும் இருந்தனர். முதல் பருவத்தில் தவாரெஸுக்குக் கிடைத்தவை 11 ஆட்டங்கள். அடுத்த பருவத் தொடக்கத்திலேயே விடுவிக்கப்பட்டார். துணைப் போட்டியில் சிறந்த தடுப்பாளர் விருது பெற்றும் நிலையான இடம் கிடைக்கவில்லை. 2017இல் ரியால் மாட்ரிட் சேர்த்துக்கொண்டது. அந்த அணியோடு 2018, 2023 யூரோலீக் கோப்பைகளை வென்று, 2023இல் இறுதிச் சுற்றின் சிறந்த வீரரானார். ஐரோப்பாவின் மிகச் சிறந்த தடுப்பாளர்களில் ஒருவர் என்ற பேர் இன்றும் அவருக்கு உண்டு. சின்னஞ்சிறு தீவு நாடான கேப் வெர்டே 2023இல் முதன்முறையாக உலகக் கோப்பையில் ஆடியபோது அணியின் தூண் அவரே.

நிகோலா யோகிச், செர்பியா. வயது 20. பெல்கிரேடின் மெகா அணியிலிருந்து டென்வர் நகெட்ஸ் அணிக்கு வந்தார். 2014 டிராஃப்டில் 41ஆவது தேர்வு. ஓராண்டு செர்பியாவிலேயே ஆடிவிட்டு வந்தவர். டென்வரின் எதிர்கால மைய ஆட்டக்காரராகக் கருதப்பட்டவர் யூசுஃப் நுர்கிச். அவர் முழங்கால் அறுவைச் சிகிச்சையிலிருந்து மீண்டுகொண்டிருந்ததால் யோகிச்சுக்கு நிமிடங்கள் கிடைத்தன. முதல் பருவத்திலேயே 80 ஆட்டங்கள். அவற்றில் 55இல் தொடக்க ஐவரில் ஒருவர். 2017 பிப்ரவரியில் டென்வர் நுர்கிச்சை வேறு அணிக்கு மாற்றியது. யோகிச் 2021, 2022, 2024 ஆண்டுகளில் போட்டியின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். 2023இல் டென்வருக்கு முதல் கோப்பையைப் பெற்றுத் தந்தார்.

இந்த ஐவரில் யோகிச் விதிவிலக்கு. அவரைக் காட்டி எல்லா வெளிநாட்டு வீரரையும் சேர்க்கச் சொல்வது, பரிசு விழுந்த ஒருவரைக் காட்டிச் சீட்டு வாங்கச் சொல்வது போலாகும். மற்ற நால்வரையே அணிகள் பாடமாகக் கொள்ள வேண்டும். மெஜ்ரியைவிடத் தவாரெஸ் திறமையில் குறைந்தவர் அல்லர். பின்னாளைய ஆட்டம் அதற்குச் சான்று. மெஜ்ரி சென்ற அணியில் இடம் காலியாக இருந்தது. தவாரெஸ் சென்ற அணியில் அவருக்கு முன் மூவர் இருந்தனர். பிளைஸும் மார்யானோவிச்சும் தத்தம் நாட்டின் தலைசிறந்த உயரமானவர்கள்தாம். மார்யானோவிச்சின் தனித்திறனுக்குப் பொருத்தமான ஒன்பது நிமிடங்களை ஸ்பர்ஸ் பயிற்சியாளர் கிரெக் பொப்போவிச் கண்டுபிடித்தார். யூட்டாவில் பிளைஸுக்கு அப்படியொரு வேலை அமையவில்லை.

ஒப்பந்தத்தின் கணக்கு

சேர்ப்பதா வேண்டாமா என்ற விவாதத்தில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது, சேர்த்த பின் என்ன ஆகும் என்பது. ஓராண்டு ஒப்பந்தம் அணிக்குப் பாதுகாப்பானது என்று தோன்றும். வீரர் சரிப்படாவிட்டால் இழப்பு சிறியது. ஆனால் வீரர் சரிப்பட்டுவிட்டால்?

என்.பி.ஏ விதிப்படி, ஒரு வீரர் ஒரே அணியில் மூன்று பருவங்கள் ஆடியிருந்தால், சம்பள வரம்பைத் தாண்டியும் அந்த அணி அவருக்கு உரிய சம்பளம் தந்து தக்கவைக்கலாம். இரண்டு பருவங்கள் என்றால் இந்தச் சலுகை ஓரளவு உண்டு. ஒரே பருவம் என்றால், வரம்பைத் தாண்டிய அணி முந்தைய சம்பளத்தைவிட 20 விழுக்காடு மட்டுமே கூட்டித் தர முடியும். அதற்கு மேல் வேண்டுமானால் வேறு விலக்குகளையோ காலி இடத்தையோ செலவழிக்க வேண்டும். அதாவது, மலிவான ஓராண்டு ஒப்பந்தம் தோல்வியிலிருந்து காக்கும், வெற்றியிலிருந்து காக்காது.

மார்யானோவிச்சுக்கு நேர்ந்தது இதுவே. தொலைக்காட்சி உரிமைக்கான புதிய ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததால் அணிகளின் சம்பள வரம்பு 2015-16இல் 7 கோடி டாலராக இருந்தது 2016-17இல் 9.4 கோடி டாலருக்கு மேல் தாவியது. எல்லா அணிகளின் கையிலும் பணம் இருந்தது. டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அவருக்கு மூன்றாண்டுக்கு 2.1 கோடி டாலர் தர முன்வந்தது. அதற்கு இணையாகத் தரும் உரிமை சான் அன்டோனியோவுக்கு இருந்தும் அது விலகிக்கொண்டது. டங்கன் ஓய்வு பெற்ற அந்தக் கோடையில் தன் பணத்தைப் பாவ் கசோலுக்கு ஒதுக்கியிருந்தது. பொப்போவிச்சே அந்தப் பெரிய தொகையை ஏற்றுக்கொள்ளும்படி அவருக்கு அறிவுரை சொன்னதாக அப்போது செய்திகள் வந்தன.

டெட்ராய்ட் பக்கமிருந்தும் இதைப் பார்க்கலாம். அங்கே ஆன்ட்ரே டிரம்மண்ட் முதன்மை வீரர். அவருடன் அதே கோடையில் ஐந்தாண்டு ஒப்பந்தமும் ஆனது. மாற்று வீரராகப் பெயின்ஸ் ஏற்கெனவே இருந்தார். எனவே ஆண்டுக்கு 70 லட்சம் டாலர் வாங்கிய மார்யானோவிச் மூன்றாவது ஆளானார். 2016-17இல் 35 ஆட்டங்களில்தான் ஆடினார். 2018 ஜனவரியில் பிளேக் கிரிஃபினைப் பெறுவதற்கான பெரிய பரிமாற்றத்தில் அவரும் கிளிப்பர்ஸுக்கு அனுப்பப்பட்டார். ஒரே வீரர், ஏறக்குறைய ஒரே அளவு நிமிடங்கள். சான் அன்டோனியோவில் 12 லட்சத்துக்கு அது நல்ல பேரம். டெட்ராய்ட்டில் 70 லட்சத்துக்கு அது சுமை.

சேர்க்காமல் காத்திருப்பதும் ஒரு வழி. டிராஃப்டில் எடுத்த வெளிநாட்டு வீரரை அவருடைய நாட்டிலேயே ஆட விட்டு, உரிமையை மட்டும் அணி கையில் வைத்திருக்கலாம். அவரது சம்பளம் அணிக் கணக்கில் ஏறாது. 15 இடங்களில் ஒன்றும் போகாது. ஸ்பிளிட்டர் 2007இல் தேர்வாகி மூன்றாண்டு கழித்தே வந்தார். அதே அணி 2015இல் 26ஆவது தேர்வாக எடுத்த செர்பிய மைய ஆட்டக்காரர் நிகோலா மிலுட்டினோவ், ஐரோப்பாவிலேயே புகழும் நல்ல சம்பளமும் பெற்று அங்கேயே தங்கிவிட்டார். காத்திருப்பதில் செலவு இல்லை. வருவார் என்ற உறுதியும் இல்லை.

வீரரின் பக்கம்

அணி நிர்வாகத்துக்கு இது 15ஆவது இடத்தைப் பற்றிய கணக்கு. வீரருக்கோ வாழ்க்கையின் மிக நல்ல ஆண்டுகளைப் பற்றிய முடிவு. உயரமான உடலுக்குக் காயங்கள் அதிகம். உச்சத்தில் ஆடக்கூடிய காலம் பத்தாண்டுகூட இருக்காது. அதில் இரண்டு ஆண்டுகளை இருக்கையில் அமர்ந்து கழிப்பது சிறிய இழப்பு அன்று. ஆடாத வீரர் தன் கைத்திறனையும் மெல்ல இழக்கிறார். அதோடு அடுத்த ஒப்பந்தத்துக்குக் காட்ட எண்களும் இல்லாமல் போகிறார்.

மறுபக்கம், உலகின் உச்ச மேடையில் ஆடிப் பார்க்கும் ஆசை இயல்பானது. மார்யானோவிச் ஒன்பது பருவங்கள் என்.பி.ஏ-யில் இருந்தார், எந்த அணியிலும் நிலையான தொடக்க வீரராக இல்லை. ஆயினும் சென்ற இடமெல்லாம் ரசிகர்களின் அன்பையும், ஐரோப்பாவில் அப்போது கிட்டியிராத வருவாயையும் பெற்றார். 2024இல் துருக்கியின் ஃபெனர்பாசே அணி வழியாக ஐரோப்பாவுக்குத் திரும்பினார். தவாரெஸ் சீக்கிரமே திரும்பி, தன் கண்டத்தின் பெரும் வீரரானார். இருவரில் யார் சரியாகத் தேர்ந்தார் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் பேரத்தின்போது அணி நிர்வாகம் நிமிடங்களைப் பற்றி நேர்மையாகப் பேசுவது இரு தரப்புக்கும் நல்லது. ஆட்டத்துக்கு எட்டு நிமிடம்தான் என்று தெரிந்து வருபவரும், 20 நிமிடம் என்று நம்பி வருபவரும் ஒரே மனநிலையில் பயிற்சிக்கு வரமாட்டார்கள்.

எப்போது சேர்க்கலாம்

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து சில தெளிவான அடையாளங்களை எடுக்கலாம்.

முதன்மை வீரருக்குப் பின்னால் உண்மையிலேயே யாரும் இல்லை என்றால் வெளிநாட்டு வீரரைச் சேர்ப்பது பொருத்தம். ஏற்கெனவே இருவர் இருக்க மூன்றாவதாகச் சேர்ப்பது பெரும்பாலும் வீண்.

அவர் ஐரோப்பாவில் எத்தனை புள்ளி எடுத்தார் என்பதைவிட, பந்து கையில் இல்லாதபோது என்ன செய்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். தடுப்பு நிற்பது, கூடைக்கு ஓடுவது, வெளியே வந்து காப்பது ஆகியவை எந்த நாட்டு ஆட்டத்திலும் உதவும். தன்னைச் சுற்றி ஆட்டம் அமைக்கப்பட்டதால் வந்த புள்ளிகள் கடல் தாண்டி வருவதில்லை.

முதன்மை வீரரின் குறையை அவர் ஈடுசெய்ய வேண்டும். முதன்மை வீரர் கூடைக்கு அடியிலேயே ஆடுபவர் என்றால், வெளியிலிருந்து எறியக்கூடிய மாற்று வீரர் பயிற்சியாளருக்கு இன்னொரு வழியைத் திறந்து தருவார். இருவரும் ஒரே வகை என்றால், எதிரணி ஒருவருக்குக் கண்ட மருந்தே மற்றவருக்கும் போதும்.

ஒப்பந்தம் முடிந்தால் இரண்டு ஆண்டாக இருப்பது நல்லது. இரண்டாம் ஆண்டுச் சம்பளத்துக்கு முழு உத்தரவாதம் வேண்டியதில்லை. தோற்றால் விடுவிக்கலாம், வென்றால் தக்கவைக்கும் உரிமை கொஞ்சமாவது கூடும். வீரரின் முகவரும் இதை அறிந்தவர் என்பதால், உத்தரவாதமில்லாத ஆண்டை ஏற்க அவர் முதலாண்டில் கூடுதல் தொகை கேட்பார். பேரம் அங்கேதான் நடக்கும்.

இன்றைய நிலை

2015இல் யூரோலீக் வீரரை அழைத்து வருவது மலிவான வழியாக இருந்தது. இப்போது அந்த நிலை மாறி வருகிறது. 2017-18 முதல், துணை அணிக்கும் முதன்மை அணிக்கும் இடையே மாறி மாறி ஆடும் இருவழி ஒப்பந்தங்கள் வந்தன. இன்று அணிக்கு மூவரை இப்படி வைத்துக்கொள்ளலாம். இளம் உயரமானவரைச் சோதித்துப் பார்க்கக் கடல் கடந்து தேட வேண்டிய தேவை இதனால் குறைந்துள்ளது. ஐரோப்பியப் பெரிய அணிகளும் நல்ல சம்பளம் தருகின்றன. முதன்மை இடமும் அங்கே நிச்சயம் என்பதால், என்.பி.ஏ-யின் குறைந்தபட்ச சம்பளம் பழைய ஈர்ப்பைக் கொண்டிருக்கவில்லை.

இதற்கு நல்ல சான்று டென்வரிலேயே கிடைக்கிறது. மாற்று வீரராக வந்த யோகிச் போட்டியின் மிகப் பெரிய வீரரான பின், அவர் இருக்கையில் அமரும் நிமிடங்களைக் காக்க ஆள் கிடைக்காமல் அந்த அணி ஆண்டுதோறும் தடுமாறியது. 2025 ஜூலையில் லிதுவேனியாவின் யோனாஸ் வலன்சியூனாஸை சாக்ரமெண்டோ அணியிடமிருந்து, டாரியோ ஷாரிச்சைக் கொடுத்துப் பெற்றது. அப்போது கிரேக்கத்தின் பனாத்தினைக்கோஸ் அணி வலன்சியூனாஸை அழைத்துக்கொண்டிருந்தது. அவரும் அங்கே போக விரும்புவதாகச் செய்திகள் வந்தன. நடப்பு ஒப்பந்தத்தை நிறைவேற்ற வேண்டும் என்று டென்வர் உறுதியாக நின்றது. அவர் டென்வரில் ஆடினார்.

பத்தாண்டுகளுக்கு முன் ஐரோப்பாவிலிருந்து மாற்று வீரர்களை எளிதாக எடுத்து வந்த என்.பி.ஏ அணிகள், இன்று தம்மிடம் உள்ள மாற்று வீரரை ஐரோப்பாவிடம் இழக்காமல் காக்க வேண்டியுள்ளது. ஆகவே “இவரைச் சேர்க்கலாமா?” என்று அணி கேட்கும்போதே, “இவர் ஏன் இங்கே வர வேண்டும்?” என்பதற்கும் அதனிடம் விடை இருக்க வேண்டும். இத்தனை நிமிடங்கள், இன்ன வேலை, இத்தனை ஆண்டு என்று அந்த விடையைத் தெளிவாகச் சொல்ல முடிகிற அணிக்கே வெளிநாட்டு மாற்று மைய ஆட்டக்காரர் பயன் தருவார்.